ஓடச் சொல்லும் தாலாட்டு

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 மாலையில் மாமாவுக்குப் போன் செய்வேன். கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம், என் அம்மா பிறந்த ஊர். அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையிலேயே கரையில் பால் ஊற்றி, பூப்போட்டு, அழுது முடித்திருப்பார்கள். முதல் இரண்டு நிமிடம் மழை, மீன் விலை, என் வேலை என்று பேச்சு போகும். அப்புறம் மாமா அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"உங்க அத்தை திரும்பிப் போனது தப்பாடா?"

2004இல் எனக்கு 13 வயது. நாங்கள் பண்ருட்டியில் இருந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா விடியும் முன்பே கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. படகு கொஞ்சம் ஏறி இறங்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்பார். கரையில் அத்தை, முதல் அலை வந்ததுமே பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடிவிட்டார். தண்ணீர் வடிந்தது. வீட்டில் ஆயா இருந்தார், இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதமாகக் கட்டிலோடு கிடந்தவர். பிள்ளைகளைத் தெருக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அத்தை திரும்பிப் போனார். இரண்டாவது அலை முதலாவதைவிடப் பெரிது.

ஆயாவும் அத்தையும் ஒரே வீட்டில் கிடைத்தார்கள்.

மாமாவின் கேள்விக்கு இருபது வருடமாக நான் ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். "அப்படியெல்லாம் இல்ல மாமா", "யாரா இருந்தாலும் போயிருப்பாங்க மாமா." ரெண்டுமே பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றி நான் வாசித்தவற்றின் தொகுப்பு.

*

வாசிக்க ஆரம்பித்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் பொறியாளன். மாதத்தில் ஒரு வாரம் 'ஆன்-கால்'. அதாவது இரவு எத்தனை மணிக்கு சர்வர் படுத்தாலும் என் போன்தான் அலறும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 'ரன்புக்' என்று ஓர் ஆவணம் வைத்திருப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் எங்கள் டேட்டாபேஸ் ஒன்று விழுந்தது. ரன்புக்கைத் திறந்தேன். நான்காவது படியில் இப்படி எழுதியிருந்தது: 'நிலைமையை ஆராய்ந்து தகுந்த முடிவெடுக்கவும்.'

மணி 2.40. கண் எரிகிறது. நாலு பேர் காலில் இருக்கிறார்கள், நாலு பேருக்கும் நாலு கருத்து. தகுந்த முடிவு எது என்று விவாதித்தே முக்கால் மணி நேரம் போனது. அந்த முக்கால் மணி நேரத்தில் சேதம் மூன்று மடங்கானது. அந்த வரியை எழுதியது யார் என்று காலையில் தேடினேன். நான்தான்.

அவமானம் ஒருபக்கம். இன்னொருபக்கம் எனக்கு உறைத்தது இதுதான்: நெருக்கடியில் இருப்பவனிடம் 'யோசி' என்று சொல்வது அறிவுரையே ஆகாது. யோசிக்கிற உறுப்புதான் முதலில் செயலிழக்கிறது. அப்படியென்றால் மனிதர்கள் இத்தனை ஆயிரம் வருடங்களாக எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களுடைய ரன்புக் எங்கே இருந்தது? அந்தத் தேடலில்தான் சிமெலூ தீவு வந்து சேர்ந்தது.

*

சிமெலூ இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று பூமி பிளந்த இடத்துக்கு ஆகப் பக்கத்தில் மக்கள் வாழ்ந்த நிலங்களில் ஒன்று. தீவின் வடமுனையில் நில அதிர்வுக்கும் அலைக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இல்லை. பத்து நிமிடத்தில் எந்த விஞ்ஞானியும் எந்த எச்சரிக்கையும் விடுத்திருக்க முடியாது. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு என்ற ஒன்றே இல்லை.

தீவின் மக்கள்தொகை சுமார் 78,000. இறந்தவர்கள் 7 பேர்.

இந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அதே காலையில் எதிரே இருந்த ஆச்சே பெருநிலத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஒரே மாகாணம், ஒரே நிலநடுக்கம். வித்தியாசம் ஒரு சொல்: 'ஸ்மோங்'.

1907 ஜனவரி 4 அன்று அந்தத் தீவை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு கடல் உள்வாங்கியது. திட்டுத்திட்டாகப் பவளப்பாறை தெரிய, மீன்கள் துள்ள, ஜனங்கள் கூடையோடு இறங்கி ஓடினார்கள். அப்புறம் கடல் திரும்பி வந்தது. தப்பியவர்கள் அந்த அலைக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயர்தான் ஸ்மோங்.

இதுவரை நடந்தது உலகத்தில் பல கரைகளில் நடந்ததுதான். சிமெலூக்காரர்கள் அடுத்துச் செய்த காரியம் அபூர்வமானது. அந்த அனுபவத்தை அவர்கள் சுருக்கினார்கள். அதிர்வு பலமாக இருந்து, கடல் உள்வாங்கினால், மீன் பொறுக்கப் போகாதே, மலைக்கு ஓடு. நல்ல ரன்புக் ஒன்றில் இருக்க வேண்டிய மூன்றும் இதில் இருக்கிறது. எது அறிகுறி, எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்ய வேண்டும். 'தகுந்த முடிவெடுக்கவும்' என்ற பேச்சே இல்லை.

இதை எங்கே சேமித்தார்கள் என்பதுதான் இன்னும் முக்கியம். கல்வெட்டு வைக்கவில்லை, அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதவில்லை. சாயங்காலம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் வைத்தார்கள். தாலாட்டில் வைத்தார்கள். ஒரு நூற்றாண்டு முழுக்க அந்தத் தீவில் குழந்தைகள் 'ஓடு' என்று சொல்லும் பாட்டைக் கேட்டுத் தூங்கியிருக்கிறார்கள். 2004இல் தரை ஆடியதும் யாரோ ஒருவர் ஸ்மோங் என்று கத்தினார். 97 வருட அனுபவம் அந்த ஒரே சொல்லில் திறந்துகொண்டது. ஓடினார்கள். எதிரில் இருந்த பெருநிலத்தில் அந்தச் சொல் இல்லை. மொழியே வேறு.

இதில் ஒரு செலவும் இருக்கிறது. சிமெலூ அடிக்கடி நிலம் நடுங்கும் தீவு. பலமான நடுக்கங்களிலும் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அலை வருவதில்லை. ஆக, இந்த விதியைப் பின்பற்றுபவன் வாழ்நாளில் பலமுறை வீணாக மலையேறி இறங்கியிருப்பான். எங்கள் தொழிலில் பொய் அலாரம் நாலு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை போனை கவிழ்த்து வைத்துவிடுவோம். சிமெலூக்காரர்கள் கவிழ்த்து வைக்கவில்லை. வீணாக ஓடுவதற்கு ஒரு காலைப் பொழுதுதான் செலவு, ஓடாமல் இருப்பதன் செலவு என்ன என்று தாலாட்டு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

*

சரி, நம்மிடம் என்ன இருந்தது?

தமிழைப்போல் கடல் கொண்ட கதையைத் தூக்கிச் சுமந்த மொழி அதிகம் இருக்காது. கடல்கோள் என்று அதற்குத் தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். இறையனார் களவியல் உரை முதல் சங்கம் இருந்த மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. மணிமேகலை புகார் நகரமே கடலுக்குள் போனதைச் சொல்கிறது. அந்தக் காப்பியத்தில் காரணமும் உண்டு. காணாமல்போன மகனைத் தேடிய துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை நடத்த மறந்துவிடுகிறான், அதனால் சாபம் பலிக்கிறது.

கல்லூரியில் படித்தபோது கடல்கோள் பற்றி எனக்குப் பெருமைதான் இருந்தது. நாம் எவ்வளவு பழையவர்கள் பார், கடலுக்கடியில் நமக்கு ஊர் இருக்கிறது என்ற பெருமை. இப்போது அதே கதைகளை ரன்புக்காகப் படித்துப் பார்க்கிறேன். அறிகுறி என்ன? விழா எடுக்க மறந்தது. செய்ய வேண்டியது என்ன? விழா எடுப்பது. கரையில் நிற்கும் ஒருத்திக்கு இதில் பயன்படக்கூடிய ஒரு வரி கிடையாது. நாம் பேரழிவை நினைவில் வைத்திருந்தோம். அதிலிருந்து தப்பிப்பதை வைத்துக்கொள்ளவில்லை. 2004இல் பூம்புகார் கரையிலும் தரங்கம்பாடியிலும் அலை ஏறியபோது, காப்பியம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரிதான் நின்றார்கள்.

இதைச் சொல்லும்போது நியாயமாகவும் இருக்க வேண்டும். சிமெலூவின் விதி அப்படியே கடலூரில் இருந்திருந்தாலும் வேலை செய்திருக்குமா? சந்தேகம்தான். இந்திய நேரம் காலை ஆறரைக்கு நிலம் நடுங்கியபோது சென்னையில் சிலர் லேசாக உணர்ந்தார்கள், கரையோரக் கிராமங்களில் பெரும்பாலானோர் உணரவே இல்லை. நடுங்கிய இடம் சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவு. இன்னொன்று, பிளவுக்குக் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் தண்ணீர் முதலில் ஏறியே வந்தது. உள்வாங்கியது அதற்குப் பிறகு. அத்தை பார்த்ததும் அதைத்தான். வந்தது, போனது, முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். முதல் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் அமைதிதான் சுனாமியின் ஆகப் பெரிய பொய்.

மீனவர்களுக்குக் கடல் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாமாவுக்கு நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தே தெரியும். வாடைக்காற்று திரும்பும் நாள் தெரியும். தண்ணீரின் நிறத்தை வைத்து எந்த மீன் என்று சொல்வார். இது எல்லாமே தினமும் பயன்பட்டதால் பிழைத்த அறிவு. பல தலைமுறைகளில் ஒருமுறை வருவதற்கு அந்த அறிவில் இடமில்லை. சிமெலூவிலும் ஸ்மோங் தினமும் வரவில்லைதான். அது வராத நாட்களிலும் பாட்டு தினமும் வந்தது.

*

நம் பக்கத்துக் கணக்கு இன்னொரு விதத்தில் வலிக்கிறது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆழ்கடலில் சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வரும். விமான வேகம்தான். ஆனால் தொலைபேசிக்கு இரண்டு மணி நேரம் என்பது ஒரு யுகம். பத்து நிமிடம் கிடைத்த தீவில் ஏழு பேர். இரண்டு மணி நேரம் கிடைத்த தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், அதில் ஏறக்குறைய 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

தகவல் வராமலும் இல்லை. கார் நிகோபாரின் விமானப்படைத் தளம் காலையிலேயே அலையில் சிக்கியது. அந்தச் செய்தி சென்னைக்கு வந்தது. நிலநடுக்கம் பற்றிய தொலைநகல் ஒன்று பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகப் பின்னால் செய்தித்தாள்களில் வந்தது. பார்த்துச் சிரிக்க முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போனவரின் எண்ணுக்கு அலாரம் அடித்துக்கொண்டிருந்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆனால் அதே காலையில், மாமாவின் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத நல்லவாடு என்னும் புதுச்சேரி மீனவக் கிராமத்தில் வேறு ஒன்று நடந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்பதை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே கிளம்புங்கள், மற்றவர்களையும் எழுப்புங்கள் என்றார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் உயிரோடு இருந்தது.

இந்தச் சம்பவத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதுவார்கள். ஒரு போன்காலும் ஒரு குழாய் மைக்கும்தான் அந்தத் தொழில்நுட்பம். எனக்கு வேறு விஷயம் கண்ணில் படுகிறது. அந்த மைக் சுனாமிக்காக வைக்கப்பட்டதல்ல. 'நாளைக்கு அலை ரெண்டு மீட்டர்' என்று சொல்லத்தான் வைத்தார்கள். தினமும் கேட்ட குரல் என்பதால் அன்றும் கேட்டார்கள். சுனாமி எச்சரிக்கைக்கென்றே ஒரு தனி சைரன் வைத்திருந்தால், அது துருப்பிடித்திருக்கும், அல்லது அது எதற்கான சத்தம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தாலாட்டுக்கும் இந்த மைக்குக்கும் அதுதான் ஒற்றுமை. ரெண்டும் தினசரிப் புழக்கத்தில் இருந்தன.

*

மாமாவின் கேள்விக்கு இன்னும் வரவில்லை. அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும்.

வடகிழக்கு ஜப்பானின் சன்ரிகு கரை உலகத்தில் ஆகக் கூடுதலாக அலை தின்ற கரைகளில் ஒன்று. 1896 ஜூன் 15 அன்று மட்டும் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். அந்த மாலை நில அதிர்வு லேசாகத்தான் இருந்தது, அதனால் யாரும் ஓடவில்லை. அந்தக் கரையில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். குழந்தையைத் தேடி அம்மா, அம்மாவைத் தேடி அப்பா, அப்பாவைத் தேடி மூத்த மகன். காப்பாற்றப் போனவர்களின் சங்கிலி.

அதிலிருந்து வந்த சொல் 'டென்டென்கோ'. அவரவர், தனித்தனியாக என்று பொருள். சுனாமி வந்தால் அப்பா, அம்மா, பிள்ளை யாரையும் பார்க்காதே, நீ ஓடு. இந்தச் சொல்லை 1990களில் பரவலாக்கியவர் ஃபுமியோ யமாஷிதா என்ற சுனாமி வரலாற்றாசிரியர். 1933 மார்ச் 3 அதிகாலை அதே கரையில் மீண்டும் அலை வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பனியில் அவரும் ஓடினார். அப்பாவும் அம்மாவும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அவரவர் ஓடினார்கள்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. நம் ஊரில் இதைச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். பெத்த தாயை விட்டுட்டு ஓடச் சொல்ற புத்தி என்ன புத்தி? இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அத்தை செய்தது தப்பு என்று ஆகிவிடாதா?

2011 மார்ச் 11 அன்று இந்தச் சொல் இரண்டு பள்ளிகளில் இரண்டு விதமாகச் சோதிக்கப்பட்டது.

கமைஷி என்ற நகரத்தில் தொஷிதாகா கதாதா என்னும் பேராசிரியர் சில வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்தார். அபாய வரைபடத்தை நம்பாதே, முடிந்தவரை மேலே போ, முதலில் ஓடுபவன் நீயாக இரு என்பவை அவர் பாடத்தின் சாரம். அங்கே உனொசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில். வரைபடத்தின்படி தொடக்கப் பள்ளிக்குத் தண்ணீர் வராது. பிள்ளைகளை மூன்றாவது மாடிக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். வெளியே பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து இவர்களும் இறங்கி ஓடினார்கள். குறித்துவைத்த இடத்துக்குப் போனார்கள். அங்கே பின்னாலிருந்த சரிவு இடிவதைப் பார்த்து இன்னும் மேலே போனார்கள். பிறகு அதற்கும் மேலே. பெரியவன் சின்னவன் கையைப் பிடித்திருந்தான். ஏறக்குறைய 570 பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்கள் பள்ளி மூன்றாவது மாடிவரை மூழ்கியது. கமைஷியில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

இஷினொமாகி நகரத்தின் ஒகாவா தொடக்கப் பள்ளி கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஓர் ஆற்றின் கரையில் இருந்தது. இதுவும் வரைபடத்தின்படி பாதுகாப்பான இடம். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. நில அதிர்வுக்கும் அலைக்கும் நடுவே சுமார் 50 நிமிடம் இருந்தது. அந்த 50 நிமிடத்தில் பெரும்பகுதி பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் காத்திருந்தார்கள், எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். குன்று வழுக்குமா, மரம் விழுமா, மைதானமே பாதுகாப்பா. கடைசியில் நகர ஆரம்பித்தபோது அலை வந்துவிட்டது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். பள்ளியும் நிர்வாகமும் முன்கூட்டியே சரியான திட்டம் வைத்திருக்கத் தவறின என்ற தீர்ப்பு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

அந்த ஆசிரியர்களைக் கெட்டவர்கள் என்றோ முட்டாள்கள் என்றோ சொல்ல என்னால் முடியாது. அவர்களும் ஒரு ரன்புக்கைத் திறந்து பார்த்தவர்கள்தான். எங்கே போவது என்ற இடத்தில் அந்தப் பக்கம் தெளிவில்லாமல் இருந்தது. நிலைமையை ஆராய்ந்து தகுந்த முடிவெடுக்கவும். என் நான்காவது படி. எனக்கு அது முக்கால் மணி நேரத்து டேட்டாபேஸ். அவர்களுக்கு என்ன ஆனது என்று எண்ணிப் பார்க்கும்போது கை நடுங்குகிறது.

டென்டென்கோ பற்றி எழுதுபவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது சுயநலத்துக்கான அனுமதி அல்லவாம். முன்கூட்டியே குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் ஒப்பந்தமாம். என் பிள்ளை பள்ளியிலிருந்து நேராக மேட்டுக்கு ஓடிவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அவனைத் தேடி நான் பள்ளிக்கு இறங்க மாட்டேன். நான் இறங்க மாட்டேன் என்று தெரிந்தால் அவன் எனக்காகக் காத்திருக்க மாட்டான். ஒருவர் ஓடுவது இன்னொருவரின் உயிரைக் காப்பாற்றுகிறது. நம்பிக்கை இருந்தால் மட்டும்தான் தனியாக ஓட முடியும்.

*

இங்கே நிறுத்தியிருந்தால் இது நல்ல கதை. ஆனால் அனுபவ அறிவை இப்படித் தூக்கி வைத்துக் கும்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது.

1960 மே மாதம் தென் அமெரிக்காவின் சிலியில் 9.5 அளவில் நிலம் நடுங்கியது. அந்த அலை பசிபிக்கைக் கடந்து 22 மணி நேரம் கழித்து ஜப்பானுக்கு வந்தது. சுமார் 140 பேர் இறந்தார்கள். நிலம் ஆடினால் ஓடு என்பது அவர்களுடைய பழைய பாடம். அன்று அவர்கள் நிலம் ஆடவே இல்லை. விதி சரிதான். அது எழுதப்பட்டது பக்கத்தில் நடக்கும் நிலநடுக்கத்துக்கு. நம் 2004 கதையும் இதேதான். தூரத்து அலைக்குத் தாலாட்டு போதாது, கருவி வேண்டும். 2007இல் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். பக்கத்து அலைக்குக் கருவி போதாது, தாலாட்டு வேண்டும். 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரத்தில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது, எந்தச் சைரனும் அதை முந்தவில்லை.

இன்னொரு கதை. அதே யமாஷிதா, டென்டென்கோவைப் பரப்பியவர், 2011 மார்ச்சில் 87 வயது. ஒரு கரையோர நகரத்தில் மருத்துவமனையின் நாலாவது மாடியில் நோயாளியாக இருந்தார். அலை வருகிறது என்றதும் அவர் ஓடவில்லை. வாழ்நாள் முழுக்க ஆராய்ந்ததை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னல் பக்கம் இருந்தார். நாலாவது மாடிக்கு வராது என்று நம்பினார். வந்தது. திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கித்தான் பிழைத்தார். தான் குறைத்து எடைபோட்டுவிட்டதைப் பிறகு அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆக, விதி தெரிந்திருப்பது ஒன்று, கால் நகர்வது வேறொன்று. தெரிந்ததெல்லாம் தலையில் இருந்தது அவருக்கு. கமைஷிப் பிள்ளைகளுக்கு அது காலில் இருந்தது.

*

போன டிசம்பரில் போன் செய்யாமல் நேரிலேயே போனேன். மாமாவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறார். மூட்டுவலி. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன்தான் போகிறான்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் கேட்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். சிமெலூ, தாலாட்டு, நல்லவாடு, ஜப்பான் எல்லாம் சொன்னேன். நல்லவாடு அவருக்கு ஏற்கெனவே தெரியும். டென்டென்கோவுக்கு வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனுங்க சொல்றது சரிதான். ஆனா ஆயாளால ஓட முடியாதேடா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட முடியாதவர்களுக்கு டென்டென்கோவிடம் பதில் இல்லை.

"அவ திரும்பிப் போனது தப்பான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். போகாம இருந்திருந்தா அவ அவளா இருந்திருக்க மாட்டா. அது தப்பு இல்ல. ஆயாளுக்கு எலும்பு உடைஞ்சப்ப ஆடி மாசம். உங்க அம்மா பண்ருட்டிக்கு அனுப்புங்கன்னா. என் தம்பி ரோட்டோரத்து வீட்டுல வச்சுக்கறேன்னான். நான்தான் எங்கம்மா எங்கூடவே இருக்கட்டும்னு அலைக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். அன்னிக்கு அந்தக் காலைல அவளுக்கு முடிவெடுக்க ஒண்ணுமே இல்லடா. அந்த முடிவை நாலு மாசம் முன்னாடியே நான் எடுத்துட்டேன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா, சுனாமின்னு ஒரு வார்த்தையே அப்ப யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"தெரியாது. ஆனா புயல் தெரியும்ல. புயலுக்கு அவளை யார் தூக்குவான்னுகூட நாங்க பேசி வைக்கல."

இருபது வருடமாக அவர் கேட்டது அத்தையைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு மேல் நான் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கும் அது தேவைப்பட்ட மாதிரி இல்லை.

கிளம்பும்போது மகன்காரன் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். புயல் சின்னம் என்று டிவியில் வந்தாலே போதும், அப்பா யாரும் கூப்பிடும் முன் பையைத் தூக்கிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். சில சமயம் இவர் போகும்போது அங்கே கதவே திறந்திருக்காதாம். பாதி புயல் ஆந்திராவுக்குப் போய்விடும். மறுநாள் வெயிலில் திரும்பி வருவார். தெருவே கிண்டல் பண்ணுமாம்.

"ஏன்ப்பா இப்படின்னு கேட்டா, என்னைத் தேடி எவனும் திரும்பி வரக் கூடாதுங்குறாரு."

அந்தப் பையைப் பார்த்தேன். வாசல் ஆணியில் தொங்கியது. மாத்திரை, ரேஷன் கார்டு, ஒரு லுங்கி, டார்ச் லைட், எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி. பேரக்குழந்தை தவழ்ந்து வந்து அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மாமா அதட்டவில்லை. "தாத்தா பை. காத்தடிச்சா தாத்தா போயிடுவேன். நீ அம்மா இடுப்புல போகணும். எங்க போகணும்?" என்று கேட்டார்.

குழந்தை ரோட்டுப் பக்கம் கையைக் காட்டியது.